தையல்சிட்டு போட்ட தனித்தனித் தையல்

மணியைப் பார்க்காமல் மனத்தைப் பார்த்து எனக்கு ஒலிபெருக்கியைத் தந்த தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே, பின்வரிசையில் இருந்து இப்போதே "முடிச்சுடு" என்று முணுமுணுக்கும் என் அருமை நண்பர்களே, என்னைப் பெறாமலேயே பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, பெற்ற பாவத்துக்காகப் பொறுத்துக்கொள்ளும் என் தாயே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

துன்பம் வந்தால் இயற்கையைப் பார் என்கிறார்கள். பார்க்கலாம். எங்கள் ஜன்னலில் மலை தெரியாது; எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அது நிரம்பி வழியும்போது அருவி. என்ன சிரிப்பு அங்கே? உங்கள் வீட்டில் அதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என் அம்மா தையல்காரர். துணியை வெட்டுவார், வெட்டியதை ஒட்டுவார், நான் வாலாட்டினால் என் வாலையும் ஒட்ட வெட்டுவார். அப்படிப்பட்டவர் ஈரப் படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் ஊசியைப் பிடிக்க மறுத்தன. பயிற்சி செய்தால் சரியாகும் என்றார் மருத்துவர். சரியாகாது என்று அம்மா தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். பை தைக்கும் ஒருவரை அழைத்து, தையல் மெஷினை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். மெஷின் ஓடாத வீடு எப்படி இருக்கும்? நான் பேசாத வகுப்பறை போல இருக்கும். அவ்வளவு பயங்கரம்.

அந்த நாளில்தான், ஜன்னலை உரசிய செடியை வெட்ட அண்ணன் கத்தரியோடு போனான்.

"டேய், கையை எடு. அங்க ஒருத்தி வேலை பாத்துக்கிட்டு இருக்கா" என்றார் அம்மா.

பார்த்தோம். கட்டைவிரல் அளவில் ஒரு தையல்சிட்டு. அகன்ற இலையொன்றைச் சுருட்டி, அலகால் துளையிட்டு, பஞ்சு நாரைக் கோத்துக் கூடு தைத்துக்கொண்டிருந்தது. கை இல்லை, கத்தரி இல்லை, கடைக்கு வாடகையும் இல்லை. கொடுத்து வைத்த குருவி.

மாலையில் காற்று அடித்தது. இலை கிழிந்தது. அம்மா சாப்பிடவில்லை.

"அதுக்கும் அவ்வளவுதான் போல" என்றார். அந்த "அதுக்கும்" இருக்கிறதே, அதில் இருந்த 'உம்' எங்களை ஊசியாய்க் குத்தியது.

மறுநாள் காலை சிட்டு வந்தது. அழுததா? அலறியதா? அலுத்துக்கொண்டதா? கிழிந்த இலையில் இருந்த நாரை ஒவ்வொன்றாக உருவியது. பக்கத்து இலையில் மறுபடி தொடங்கியது. அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தார். தொழில்காரி கண் சும்மா இருக்குமா?

"இது ஒரே நூலா ஓட்டலடா. ஒவ்வொரு தையலையும் தனியாப் போட்டு, நுனியைப் பிரிச்சு விடுது. ஒன்னு அறுந்தாலும் மத்தது நிக்கும்."

"அப்போ உன்னை விட நல்லாத் தைக்குதா?" என்றான் அண்ணன்.

"உதை வாங்குவே. பிசிறு பாரு எவ்வளவு. என்கிட்ட வேலைக்கு வந்தா ஒரு நாள் தாங்காது."

பல வாரம் கழித்து அம்மா வாயில் வம்பு வந்தது. அன்பர்களே, வீட்டில் விளக்கு எரிந்தது போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மெஷினை எடுக்க வந்துவிட்டார் பை தைப்பவர். அவர் சட்டைப் பை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. ஊருக்கே பை தைப்பவர். தன் பை மட்டும் தொங்கல்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க" என்றார் அம்மா. ஊசியை எடுத்தார். ஊசி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தார்.

"தங்கச்சி, உள்ள நான் இருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

"மூச்சை இழுத்துப் பிடிங்க. குத்துனா நான் பொறுப்பில்ல."

ஒரு தையல். நூலை வெட்டினார். கையை உதறினார். இன்னொரு தையல். வெட்டினார். மூச்சு வாங்கினார். இன்னொன்று. பை நின்றது. பிசிறோடுதான் நின்றது, ஆனால் நின்றது.

அவர் குனிந்து தன் பையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

"இதை நான் தூக்கிட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது. நீயே வெச்சுக்க, தங்கச்சி."

வெறுங்கையோடு போனார், வெற்றிப் பையோடு போனார்.

இலை கிழிந்தால் இன்னொரு இலை இல்லையா? நூல் அறுந்தால் நுனி இல்லையா? நாளை முழுவதையும் இன்றே தைத்து முடிக்க யார் உங்களைக் கேட்டது? ஒன்று போடுங்கள். ஓய்வெடுங்கள். அடுத்ததைப் போடுங்கள். அலகளவு உயிர் அதைச் செய்கிறது. ஆளுயர நாம் அஞ்சலாமா? அஞ்சோம் என்று நீங்கள் கை தட்டலாம். தட்டினால் நானும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வேன்.

நன்றி. ஒன்றே ஒன்று சொல்லி இறங்குகிறேன். சற்று முன் இந்த மேடையின் பின்புறம் என் சட்டைக் கையின் தையல் நீளமாகப் பிரிந்துவிட்டது. அம்மா ஓடி வந்தார். தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு தைத்தார். வலக்கையால். தோளில் இருந்து முழங்கை வரை, நிறுத்தாமல், ஒரே நூலில்.

அந்தக் கைக்கும், அதுபோல் மீண்டு கொண்டிருக்கும் உங்கள் எல்லோர் கைகளுக்கும் என் வணக்கம்.