நான்காம் திரையில் உட்கார்ந்திருந்தவர்

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு என்னைத் திட்டக் கூடாது. விளக்கை அணைக்க வேண்டாம்... இது இருட்டில் நடந்த விஷயம் இல்லை.

பட்டப்பகல். மதியம் இரண்டரை மணி. தொழிற்பேட்டைக்குப் போகிற நீளமான ரோடு. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். மரம் மட்டை கிடையாது. வெயிலுக்குப் பயந்து ஈ காக்கைகூட வெளியே வரவில்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது.

வேனை ஓட்டியவன் என் சிநேகிதனுடைய அத்தை மகன். வீட்டில் வைத்த பேரை அவன் அம்மாவே மறந்திருப்பாள். சட்டைப் பையில் எந்நேரமும் ஏதாவது ஒரு ரிமோட் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் எல்லாருக்கும் அவன் ‘ரிமோட்’.

பெரிய கடைகளில், கண்காட்சிகளில் வரிசையாகத் திரைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி என்று நினைத்தால் தப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெட்டி, வீடியோ சர்வர். அதன் முதுகில் ஆறு அவுட்புட், படத்தை வெளியே அனுப்புகிற கேபிள் துளைகள். ஆறிலிருந்தும் ஆறு வேறு படம் போகும். ஒரே நொடியில் தொடங்கும், ஒரே நொடியில் முடியும், மறுபடி முதலிலிருந்து ஓடும். அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டுவதுதான் ரிமோட்டின் தொழில்.

ஆளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகா அருவருப்புக்காரன். அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொட மாட்டான். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் காறினால் இறங்கி நடந்தே போவான். “பெத்த புள்ளைக்கு மூக்கு சிந்திவிடச் சொன்னா மூஞ்சிய முழ நீளத்துக்கு வெச்சுக்கிறாரு” என்று அவன் பெண்டாட்டி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்டவனுக்கா இது வாய்க்க வேண்டும்...

அவன் போன இடம் ஒரு மெத்தைக் கம்பெனி. முதலாளி முந்தின வருஷம் இறந்துபோயிருந்தார். ஷோரூமுக்குள்ளேயே அவர் பேரில் வட்டமாக ஒரு நினைவு மண்டபம் கட்டியிருந்தார்கள் பிள்ளைகள். அன்றைக்கு மாலை திறப்பு விழா. சுவரைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஆறு திரைகள் முன்பே மாட்டியாகிவிட்டன. சர்வர் மட்டும்தான் பாக்கி.

மூத்த மகன் வாசலிலேயே நின்றார். தேய்த்த சட்டை, விரல் நிறைய மோதிரம்.

“என்னப்பா இவ்ளோ லேட்டு? சாயங்காலம் ஆளுங்க வந்துடுவாங்க. முடிஞ்சிடுமா?”

“பெட்டிய ஏத்தி கேபிள் குத்துறதுதான் சார். இப்ப ஓட்டிக் காட்டிடறேன்.”

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஏசி குளிர். ரிமோட் சர்வரை இரும்புச் சட்டத்தில் ஏற்றித் திருகாணி முடுக்கினான். ஆறு கேபிளுக்கும் டேப் ஒட்டி எண் எழுதிக் குத்தினான். எந்தக் கேபிள் எந்தத் திரைக்குப் போகிறது என்று தெரிய, முதலில் வெறும் எண்களை அனுப்பிப் பார்த்தான். ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் அதனதன் இடத்தில் வந்தது. பிறகு படங்களை ஏற்றினான். ஒன்றில் தொழிற்சாலை, இரண்டில் கடை, மூன்றில் தையல் யந்திரங்கள், ஐந்தில் ‘உங்கள் முதுகுக்கு நாங்கள் பொறுப்பு’ என்ற விளம்பரம், ஆறில் குடும்பம். நான்காவதில் பெரிய முதலாளி... வெள்ளைச் சட்டை, மர நாற்காலி, நேராக நம்மைப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பு. எதிலும் சத்தம் கிடையாது, படம் மட்டும்.

ஓட்டினான். மேஜையிலிருந்த சின்ன மானிட்டரில் ஆறு கட்டங்களும் பிசிறில்லாமல் ஓடின. வெளியே வந்து பார்த்தான். அங்கேயும் அப்படியே. சரி, நம் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டான்.

அப்போதுதான் மூக்கில் ஏறியது.

முதலில் புது மெத்தையின் பசை வாடை. அதற்கு அடியில் இன்னொன்று... ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்துவைத்து மறந்துபோனால், பிரிக்கும்போது குப்பென்று வருமே, அது. அதோடு ஒரு தித்திப்பு. எலி செத்துக் கிடக்கிறதோ என்று மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

நிமிர்ந்தபோது நான்காவது திரையில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. விரட்டினான். இரண்டாக வந்து உட்கார்ந்தது.

முதலாளி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே? இப்போது இடது தோள் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. முகம் லேசாக ஒதுங்கியிருந்தது. ரிமோட் அறைக்குள் ஓடி மானிட்டரைப் பார்த்தான். அதில் மனிதர் நேராகத்தான் சிரித்தார். வெளியே வந்தான். படம் முடிந்து மறுபடி தொடங்கியது... இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தார். அதற்கடுத்த சுற்றில் ஒரு காது மட்டும் தெரிந்தது.

மூத்த மகனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“நல்லாத்தானே இருக்கு? அப்பா எவ்ளோ அழகா சிரிக்கிறாரு பாரு” என்றார் அவர். ஆனால் கைக்குட்டை மூக்குக்குப் போயிருந்தது. “எங்கியோ எலி செத்திருக்கு. ஸ்ப்ரே அடிக்கச் சொல்றேன்.”

அடித்தார்கள், எலுமிச்சை வாசனை. அந்த வாடைமேல் எலுமிச்சை ஏறியதும் நாற்றம் இரட்டிப்பாகி நாக்கிலேயே படிந்தது. ரிமோட் எச்சில் விழுங்காமல் வாயைத் திறந்துகொண்டே நின்றான்.

இந்தத் தொழிலில் கோளாறு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு கேபிளை இடம் மாற்றிக் குத்துவது. கோளாறும் கூடவே மாறினால் தப்பு பெட்டியில். மாறாவிட்டால் தப்பு திரையில். நான்கையும் இரண்டையும் மாற்றிக் குத்திவிட்டு வெளியே வந்தான். நான்காவது திரையில் கடை ஓடியது. இரண்டாவதில் முதலாளி.

ஈக்களும் இரண்டாவது திரைக்குப் போயிருந்தன.

கேபிள்களைப் பழையபடி குத்தினான். வெளியே வருவதற்குள் முதலாளி நான்காவது திரையில் முழுக்க முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்... நடுவில் மஞ்சள், ஓரத்தில் பழுப்பு. ஈக்கள் அதைச் சுற்றி மட்டும் மொய்த்தன. மனிதர் மெல்ல அசைந்தார். ஒட்டியிருந்த துணி பிரிந்தது. சத்தமே இல்லாத படம் என்று சொன்னேனா... கேட்டது. ஈரத் தோலிலிருந்து பிளாஸ்திரியை மெதுவாக, மிக மெதுவாக உரிக்கிற சத்தம்.

ரிமோட் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிக் குழாயடியில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான்.

திரும்பி வந்தபோது மண்டப வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். மூத்த மருமகள். பட்டுச் சேலை, தலைகுனிந்த முகம். திரைப் பக்கம் பார்க்கவே இல்லை.

“இப்ப எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காரு?” என்றாள்.

“முதுகக் காட்டிக்கிட்டு... உங்களுக்கும் தெரியுதா அக்கா?”

“போன வாரம் வீட்டு டிவில இந்தப் படத்தப் போட்டுப் பாத்தோம். அன்னிக்கே லேசாத் திரும்பினாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “படுத்த படுக்கையாக் கிடந்தாரு தம்பி. மாடில. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. ஆள் வெச்சோம், நின்னுடுச்சு. அப்புறம் இவர் தம்பியச் சொல்வாரு, தம்பி இவரச் சொல்வாரு...”

“நீங்க?”

“நானும்தான். வாசப்படி வரைக்கும் போவேன். அந்த வாடை... மூக்கப் பொத்திக்கிட்டு தட்டத் தள்ளி வெச்சுட்டு வந்துடுவேன். முதுகுல புண்ணு வெச்சு, ஒடம்பெல்லாம் காய்ச்சல்ல கொதிச்சுது. எங்க கம்பெனியிலயே ஒசத்தியான மெத்தை தம்பி, அவர் கிடந்தது. கடைசில தூக்கினப்ப அது முதுகோட ஒட்டிக்கிட்டு கூடவே வந்துச்சு. தனியா வரல.”

ரிமோட் நிமிர்ந்து நான்காவது திரையைப் பார்த்தான்.

“யாரும் திருப்பிப் போடல” என்றாள் அவள். “இப்ப அவரே திரும்பிக்கிறாரு.”

அவன் நேராக மூத்த மகனிடம் போனான். “சார், நாலாவது லைன்ல கோளாறு. அத மட்டும் நிறுத்திட்டு கம்பெனி பேரப் போட்டுடறேன்.”

“அப்பா மண்டபத்துல அப்பா இல்லாமலா? ஊர் சிரிக்காது? ஓடணும்ப்பா. ஆறும் ஓடணும்.”

மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள். சரவிளக்கு, மைக், நீள மேஜையில் சாப்பாடு. ரிமோட் அறைக்குள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. நான்காவது அவுட்புட்டைக் கறுப்பாக்க ஒரே ஒரு அழுத்தல் போதும். விரல் மவுஸ்மேல் இருந்தது. இவர்கள் என்ன சொன்னால் என்ன, அழுத்திவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தான்.

வெளியே மூத்த மகன் மைக்கில் பேசினார். “அப்பாவக் கடைசி மூச்சு வரைக்கும் நாங்க பூ மாதிரி வெச்சுத் தாங்கினோம். ஒரு நிமிஷம் அவரத் தனியா விட்டதில்ல...”

கைதட்டினார்கள்.

வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டேயிருந்தது. அந்த மண்டபத்தில் உண்மையில் எது நாறுகிறது என்று அவனுக்குக் குழம்பிப்போனது. விரலை மவுஸிலிருந்து எடுத்தான். எழுந்து போய்க் கதவருகில் நின்றான்.

விருந்தாளிகள் யாரும் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் எதிர்ப்பக்கச் சுவரோரமாகவே ஒண்டிக்கொண்டு நின்றார்கள். மேஜையில் ஒரு தட்டுகூடத் தொடப்படவில்லை. ஒரு அம்மாள் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மூத்த மகன் பேசி முடித்து, அப்பாவைக் கும்பிடத் திரும்பினார். கூப்பிய கை அப்படியே நின்றது.

“அப்பா...” என்றார். அது பெரிய மனிதர் குரலாகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகும்போது குழந்தை கூப்பிடுமே, அந்தக் குரல். இரண்டடி முன்னால் போய்த் திரையின் நடுவில், அந்த ஈரத்தின்மேல், உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்தார். கை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது... பிசினிலிருந்து வருகிற மாதிரி. சட்டையில் துடைத்தார். முகர்ந்தார். மறுபடி துடைத்தார். முந்நூறு பேர் பார்க்க, மைக்கைக் கீழே போட்டுவிட்டு, சட்டையில், மேஜை விரிப்பில், திரைச்சீலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். தம்பிக்காரர் வந்து தோளைப் பிடித்து அழைத்துப் போகும்வரைக்கும்.

மறுநாள் காலை ரிமோட் தன் பொருள்களை எடுக்கப் போனான். திரைக் கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வாடை இல்லை. முதலாளி நேராக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று நின்று பார்த்தான்... அசையவில்லை. சர்வரில் எந்தக் கோளாறும் இல்லை.

அப்பாடா என்று ஆளும் மறந்துவிட்டான். சில மாதம் போயிருக்கும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மூத்த மருமகள்.

“தம்பி, அந்தப் படத்த நீங்க வேற எதுலயாவது ஏத்தி வெச்சிருக்கீங்களா?”

“இல்லக்கா. அன்னிக்கே அழிச்சுட்டேன். ஏன்?”

“எங்க வீட்டுக்காரர் ராத்திரி தூங்குறதே இல்ல. வலது பக்கமாப் படுக்கறாரு. முழிக்கிறப்ப இடது பக்கம் கெடக்கறாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. யாரோ திருப்பிப் போடறாங்கன்னு சொல்றாரு. முரட்டுத்தனமா இல்லியாம்... தோளுக்கு அடில ஒரு கை, இடுப்புக்கு அடில ஒரு கை, பச்சப் புள்ளயத் திருப்புற மாதிரி. காலைல பனியன் பின்னாடி ரெண்டு இடத்துல ஈரம். எத்தன தடவ தொவச்சாலும் அந்த வாடை போகல.”

ரிமோட் தட்டைத் தள்ளி வைத்தான். “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“நேத்து அவர் ஊர்ல இல்ல தம்பி. கட்டில்ல நான் மட்டும்தான் படுத்திருந்தேன்.”

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“செத்தவங்க கை ஜில்லுனு இருக்கும்னுதானே எல்லாரும் சொல்வாங்க? இல்ல தம்பி. கொதிக்குது... காய்ச்சல்காரங்க கை மாதிரி.”