சிவப்பு மையில் ஒரு வரி

அன்புள்ள கார்த்யாயினிக்கு,

என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று புவனகிரியில் பள்ளிக்கூடம் படித்தபோதே சொல்வார்கள். சிதம்பரத்தில் நம் ஆய்வகத்துக் குப்பிகளுக்கெல்லாம் லேபிள் எழுதும் வேலை அதனால்தான் என்னிடம் வந்தது. குப்பிக்கு எண் மட்டும் போடுவோம். வெடிக்கக்கூடிய உப்பென்றால் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: காயவிடாதே, சுரண்டாதே.

பல்லேடியம் சேர்மத்தில் இருக்கும் பென்சீன் வளையத்தின் மேல் ஒரு வெள்ளி அணுவை உட்காரவைக்க 2004 முதல் ஐந்து வருடம் பார்த்தேன். உட்காரவில்லை. நீ 2009 ஜூனில் சேர்ந்தாய். ஆகஸ்டில் வெள்ளி உப்பு கேட்டாய். நீ கேட்டது தீர்ந்திருந்ததால் வேறொரு வெள்ளி உப்பை எடுத்துக் கொடுத்தேன். அது வளையத்தைப் பற்றிக்கொண்டு காய்ந்துவிட்டால், சுரண்டினாலே வெடிக்கும். சிவப்புப் பேனாவில் மை காய்ந்திருந்தது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

தீபாவளிக்கு முன்பே உன் குழாயில் படிகம் விழுந்தது.

"வெள்ளி ஒக்காந்துடுச்சிண்ணா. அஞ்சு வருசமா ஒங்களுக்கு மட்டும் என்னா கோவமோ அதுக்கு," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

மறுநாள் கேட்டாய்: "நல்லா காஞ்சிடுச்சிண்ணா. சுரண்டி எடுக்கலாமா?"

"உப்புக் குப்பில செவப்பு வரி இருக்கா?"

"இல்லண்ணா."

"அப்ப பயமில்லம்மா."

நம் ஆய்வக விதியும் அதுதான். நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. டீ குடிக்கக் கிளம்பினேன். படி இறங்குவதற்குள் சத்தம் கேட்டது.

உன்னைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். நான் அலமாரிக்குப் போய் அந்தக் குப்பியில் விட்டுப்போன வரியை எழுதினேன். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. நன்றாகவே எழுதியது.

மீதியிருந்த உன் கரைசலை வைத்து 2011இல் எனக்கு முனைவர் பட்டம் வந்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு கடலூரில் உன் வீட்டில் கேட்டாய்: "அந்த வரிய நான் எப்பிடிண்ணா பாக்காம வுட்டேன்? கண்ணு நல்லா இருந்தப்பவே எனக்குத் தெரியலியே."

"வுடும்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றேன்.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் உனக்குத் தெரியட்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. வரும் ஞாயிறு இதைக் கையோடு கொண்டுவருகிறேன். உனக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான்தானே படித்துக் காட்டுகிறேன்.