தரையில கிடந்த துப்பாக்கி

வரமாட்டேன்னு நான் எப்பப்பா சொன்னேன்? வர்றேன், பேசுறேன். ஆனா அன்னிக்கு எம் புருஷன் எல்டனச் சுட்ட போலீஸ்காரனும் நீங்க வகுப்பு வைக்கிற சர்ச் ஹால்ல இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.

ஏன் இப்படி முழிக்கிற? தொப்பியக் கழட்டி வச்சுட்டு உக்காரு. சோள ரொட்டி தின்னு. ஒருத்திக்குன்னு அளவா செய்ய வரமாட்டேங்குது, பாதி குப்பைக்குத்தான் போகுது.

நீ இந்த ஊருக்குப் புதுசு. எம் புருஷனப் பத்தி அரைகொறையாத்தான் கேட்டிருப்ப. போலீஸ்காரங்க நீங்க துப்பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கு வகுப்பு எடுக்கப்போறீங்கல்ல, முழுசா கேட்டுக்க. டெக்சாஸ்ல இந்தப் பக்கம் இடுப்புல துப்பாக்கி இல்லாம ஆம்பளைங்க மாட்டுத் தீவனம் வாங்கக்கூடப் போறதில்ல. எல்டனும் அப்படித்தான் போனாரு. வேலைய விட்டு அனுப்பின ஒருத்தன் பெரிய துப்பாக்கியத் தூக்கிட்டு அந்தத் தீவனக் கடைக்குள்ள வந்து கண்ணு மண்ணு தெரியாம சுட ஆரம்பிச்சான். கல்லாவுல இருந்த பொண்ணு விழுந்துட்டா. எல்டன் மூட்டைக்குப் பின்னால இருந்து அவனச் சுட்டாரு. ஒரே குண்டு, ஆள் காலி.

அப்புறம் தன்னோட துப்பாக்கிய உறையில போட்டுட்டாரு. சரியாத்தானே செஞ்சாரு? கை காலியா இருந்துச்சு. அப்படியே நின்னிருக்கலாம் பாவி மனுசன். போலீசுக்குப் போன்ல பேசிட்டிருந்தவங்ககிட்ட, சுட்டவன் விழுந்துட்டான், காக்கிக் கோட்டு போட்டு நிக்கிறவரு நம்மாளுன்னு சொல்லச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பெரிய துப்பாக்கி தரையில கெடந்துச்சு, குண்டோட. மூட்டைக்கு நடுவுல சின்னப் புள்ளைங்க ஒளிஞ்சிருந்துச்சுங்க. எல்டன் காலமெல்லாம் கிளப்புல துப்பாக்கி பழக்கிக் குடுத்தவருப்பா. குண்டு போட்ட துப்பாக்கிய தரையில விட்டுட்டு ஒரு அடி நகரமாட்டாரு. எங்க வீட்டுல அதுக்காக முதுகுல வாங்காத புள்ளயே இல்ல. குனிஞ்சு எடுத்தாரு. குண்ட வெளிய எடுக்கலாம்னு. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டாரு. அந்த நேரம் பாத்து பின்கதவ ஒதைச்சுட்டு உங்காளு உள்ள வந்தான்.

காக்கிக் கோட்டு, கையில பெரிய துப்பாக்கி. கடைக்குள்ள சுட்டவனப் பத்தி போன்ல சொன்ன அடையாளமும் அதேதான். இந்த ஊர்ல காக்கிக் கோட்டு இல்லாதவன் யாரு? கீழ போடுன்னு கத்தியிருக்கான். கட்டடத்துக்குள்ள அத்தனை வெடிச்சதுல எல்டனுக்கு காது அடைச்சுப்போச்சு. வார்த்தை வெளங்கல, கூப்பிடுற சத்தம் மட்டும் கேட்டிருக்கு. திரும்பிட்டாரு. கையிலிருந்தது அவரோடயே திரும்புச்சு.

அதனால நான் பேசினா ரெண்டே விஷயந்தான் பேசுவேன். கீழ கெடக்குறத எடுக்காத, அது எவனுதா இருந்தாலும் சரி. போலீஸ் குரல் கேட்டா திரும்பாத, நின்ன எடத்துலயே கைய விரிச்சுடு. திரும்பிப் பாக்கணும்னு உசுரு துடிக்கும். இருந்தாலும் திரும்பாத.

வழக்கா? போடல. எல்டனோட சிநேகிதங்க போடு போடுன்னு உசுர எடுத்தாங்க. மாட்டேன்னதும் வர்றதையே விட்டுட்டாங்க. உங்க போலீஸ்காரங்க பொண்டாட்டிங்க கடையில என்னப் பாத்தா தள்ளுவண்டிய வேற பக்கம் திருப்பிடுறாங்க. பாதகம் பண்ணினவ மாதிரி நிக்கிறேன் நடுவுல. இப்படி ஒருத்தங்கிட்ட உக்காந்து பேசி எவ்வளவோ நாளாச்சு, போ.

அந்தப் போலீஸ்காரன் வேலைய விட்டுட்டான்தான். தெரியும்ப்பா. அமரில்லோ டவுன்ல ஏதோ கிடங்குல ராத்திரி வேலை பாக்குறான். வாடகை அறை. ஒழுங்காச் சாப்பிடுறானான்னு தெரியல.

பழிவாங்கவா? அட போப்பா. நான் கூப்பிட்டா போனே எடுக்க மாட்டேங்குறான். உங்க ஷெரிப் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா எடுப்பான், கூப்பிட்டா வருவான், அந்த ஒழுங்கு இருக்கு அவங்கிட்ட. வகுப்புக்கு ஆள் வேணும்னு மட்டும் சொல்லு. நான் இருப்பேன்னு மூச்சு விடாத.

அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு தடவதான் எங்கிட்ட பேசினான். வெளிச்சம் கண்ணுல அடிச்சுது, மூஞ்சி தெரியலன்னான். வார்த்தை கேக்கலன்னாலும் எங்குரல் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா, அப்பா சிரிச்சுக்கிட்டே திரும்பினாருன்னான்.

ஆமாப்பா. ரஸ்ஸல் எம் புள்ளதான். போனப் போடு, நான் சத்தம் காட்டாம இருக்கேன். அவன் பேசுறத கேட்டாப் போதும்.