ஒரே தெருவில் இரண்டு குழாய்

— உங்க கம்பெனி ஆளுங்க இன்னிக்கும் எங்க கஸ்டமருங்களைக் கொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. பஸ் வந்தா நீங்க முன்னாடி ஏறுங்க, நான் பின்னாடி ஏறிக்கறேன்.

— புருஷன்கிட்டயேவா கோவம்? அட விடு. ஒரு தெருவுக்கு ரெண்டு குழாய் கேஸ் கம்பெனி இருக்கலாம்னு அரசாங்கக் கமிஷனே அனுமதி குடுத்தாச்சு. போட்டி இருந்தாத்தான் ஜனங்களுக்கு நல்லதாம்.

— ஒரே உறையில ரெண்டு கத்தி. நல்லதாம்ல நல்லது. என் பக்கத்து நாற்காலியில உக்காந்து புகார் போன் எடுத்த மனுஷன், இப்ப எதிரி முகாம்ல உக்காந்து எடுக்கறாரு.

— சம்பளம் கூடினப்ப இனிச்சுச்சு இல்ல? ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல. மத்தியானம் ஒரு அம்மா கூப்பிட்டுச்சு. வீடெல்லாம் கேஸ் வாடை, தலை சுத்துதுன்னு. கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டிப் பாத்தா, எங்களை விட்டுட்டு உங்க கம்பெனிக்கு மாறியிருக்காங்க. அங்க கேளுங்கன்னு சொல்லிட்டேன்.

— அட விடு. அடுத்தவன் கஸ்டமர் வீட்டுல கால் வெச்சா அபராதம்னு கமிஷன் உத்தரவுலயே இருக்கு. நீ என்ன பண்ணுவே?

— அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன். ஆனா பின்னாடி ஒரு குழந்தை இருமிக்கிட்டே இருந்துச்சுங்க.

— கீழ சைக்கிள் கடை, மாடியில வீடுன்னு சொல்லுச்சா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எனக்கும் வந்துச்சு.

— அப்பாடா. ஆள் அனுப்பிட்டீங்கல்ல?

— எங்க லிஸ்ட்டுல அந்தப் பேரே இன்னும் ஏறல. புதுக் குழாய் போட்டிருக்கோம், திறந்துவிடல. கசியுறது உங்க பழைய குழாயாத்தான் இருக்கணும். அதை நாங்க தொடக் கூடாது. பழைய கம்பெனிக்கே பேசுங்கன்னு திருப்பி விட்டேன்.

— எங்கிட்டயா?

— உங்கிட்டதான்.

— அப்ப அதுக்குத்தான் மறுபடி கூப்பிட்டிருக்கு. அப்பவே நாக்கு குழறுச்சுங்க. அது எங்க வீடில்லம்மா, அவங்களையே கேளுங்கன்னு நான் உங்ககிட்ட தள்ளிவிட்டேன்.

— ஸ்விட்சைத் தொடாதீங்க, கதவைத் திறந்துபோட்டு வெளிய போங்கன்னு சொன்னியா?

— அது நம்ம கஸ்டமருக்குச் சொல்ற பாட்டுத்தானே. நீங்க சொன்னீங்களா?

— லைன்ல இன்னும் நாலு பேரு காத்துக்கிட்டிருந்தாங்க.

— ஏங்க, சொன்னீங்களா?

— அதுக்கப்புறம் எனக்கு போன் வரல. உனக்கு?

— எனக்கும் வரல. நீங்க பாத்துக்கிட்டீங்கன்னு நெனச்சேன்.

— நான், நீ பாத்துக்கிட்டேன்னு நெனச்சேன். நம்பர் இருக்கா?

— உள்ளங்கையில எழுதினேன். கை கழுவ மனசே வரல.

— நீ அங்க அடி. நான் தீயணைப்புக்கு அடிக்கறேன்... ஹலோ, கேஸ் கசிவுங்க. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்தெரு, சைக்கிள் கடை மாடி. உள்ள ஒரு அம்மாவும் குழந்தையும் இருக்காங்க. எந்தக் கம்பெனி கேஸா? எதுவா இருந்தா என்னங்க, முதல்ல வண்டியை அனுப்புங்க.

— மணி அடிக்குதுங்க. எடுக்க மாட்டேங்குது. எடும்மா, தாயே, எடு.

— இருங்க சார், கேக்கறேன். ஏய், அது செல் நம்பரா, வீட்டு போனா?

— வீட்டு போன்தான்.

— வை.

— இருங்க, எடுத்துரும்.

— வைடி. கேஸ் நெறஞ்ச வீட்டுல போன் மணி அடிச்சாலே பொறி பறக்கும்னு தீயணைப்புக்காரர் கத்தறாரு. வெச்சிட்டியா?

— நான் வைக்கலீங்க. மணி அடிக்கும்போதே லைன் அதுவே அறுந்துபோச்சு.