கடல் பக்கத்துக் கதவு

— அப்புறம்? ஏன் நின்னுட்டீங்க?

— செருப்புக்குள்ள மண்ணு, நிலா. இந்தத் தீவுல ரோட்டே கெடையாது, எல்லாம் மணலு. கப்பல்ல துணி தொவைக்கிற இந்த ஜேசனுக்கு அரைநாள் லீவு குடுத்தா இப்பிடித்தான். சுத்திப் பாக்குறேன்னு வெள்ளக்காரங்களோட சேந்து அலையிறேன்.

— போன வைக்காம நடந்துக்கிட்டே சொல்லுங்க. கண்ண மூடிக்கிட்டு ஒங்க பின்னாலயே வாறேன்.

— கண்ண மூடிக்கிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுத்தா கங்காணி ஏசுவாரு.

— மடுல்சீமைத் தோட்டம் முழுக்கப் பனி. தொறந்தாலும் ஒண்ணுதான். கடலு எப்பிடி இருக்கு?

— பனி எறங்கின நம்ம மலை மாதிரி. எங்க முடியுதுன்னு தெரியல. இப்ப ஒரு மஞ்ச வீட்டுக்குள்ள வந்துட்டோம். மேல காகிதப்பூ கொட்டிக் கெடக்கு. கீழ வரிசையா இருட்டறை. அடிமையா விக்கப் புடிச்சிட்டு வந்த சனத்த இதுக்குள்ளதான் அடச்சி வச்சாங்களாம். கூட்டிட்டுப் போற அம்மா சுவத்தத் தடவிக் காட்டுறா. தோள் உரசி உரசி வழவழன்னு இருக்கு, கேட்டியா.

— நம்ம லயத்து வரிசை வீடுங்க மாதிரியா?

— எனக்கும் மொதல்ல அப்பிடித்தான் தோணிச்சு. ஆனா நம்ம காம்பராவுக்குத் தாழ்ப்பாள் உள்ள இருக்கு நிலா. இதுக்கு வெளிய. என்னா இரைச்சல் அங்க?

— கொழுந்து லொறிங்க.

— சரி. ஏஜென்சிக்காரன் வந்தானாமே? பக்கத்துக் காம்பரா பெரியாயி அக்கா சொன்னிச்சு.

— வந்தாரு. விசா வந்திருச்சாம். குவைத்துல வீட்டு வேலை.

— போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? ஒருத்தன் கடல்ல கெடக்குறது பத்தாதா?

— லயத்துக்கு மேல மலையில வெடிப்பு விட்டிருக்குங்க. மழ பேஞ்சா மகளத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுறேன். அங்க கொஸ்லந்தயில மலை சரிஞ்சு மண்ணு வந்து லயத்த மூடினப்ப, வேற எடத்துல வீடு கட்டிருவோம்ன்னு சொன்னீங்க. எத்தன மழ போயிருச்சு.

— கட்டுவோம். நான் வந்ததும் பேசிக்குவோம். அதுவரைக்கும் நீ எங்கயும் போகாத.

— இப்ப எங்க நிக்கிறீங்க?

— கோவிச்சுக்கிட்டியா?

— இல்லங்க. நடங்க.

— கடைசிக் கதவுக்கு வந்துட்டோம். தொறந்தா கடலுதான், படிகூட இல்ல. வெளிச்சத்துல கண்ணு கூசுது. இதால போனவங்க ஒருத்தரும் திரும்பலியாம். வீட்ட விட்டுக் கடல் தாண்டிப் போன ஒங்க ஆளு ஒருத்தர் பேர இங்க நின்னு சொல்லுங்கன்னு அந்த அம்மா கேக்குறா. எல்லாரும் சொல்லிட்டாங்க. இப்ப என் மொற.

— சொல்லுங்க.

— யார் பேரச் சொல்ல? திருச்சிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி வந்த நம்ம முப்பாட்டன் பேரு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னையே பாக்குறாங்க, வெக்கமா இருக்கு.

— என் பேரச் சொல்லுங்க.

— வெளையாடாத நிலா. நீ மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு...

— மகளப் பெரியாயி அக்காகிட்ட விட்டுட்டேங்க. நா கொழும்பு பஸ்ல இருக்கேன். பசறை தாண்டிருச்சு.