துணி எடுத்த ஒன்றரை நிமிடம்

செவ்வாய்க்கிழமை. காலை மணி பத்து இருபது. பஃபலோ ரோட்டில் ஓடுகிறேன். தலையில் உள்பாவாடை மூட்டை. பின்னால் நெருப்பு விழுகிறது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். பட். பட். படபட. அப்புறம் நீளமாக ஒரு உஸ்ஸ். அந்த உஸ்ஸுக்குப் பிறகு விழுந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. என் கடை அப்படித்தான் போனது. பத்துப் பதினெட்டுக்கு.

"குனிஞ்சு ஓடுங்கக்கா. மூட்டை போனாப் போவுது."

போகட்டுமா. அந்த மூட்டைதான் அன்றைக்கு எங்கள் படை.

கத்தியவன் செல்வராசு. புதுக்கோட்டைக்காரன். கப்பல் பட்டறையில் வெல்டர். பிளவுஸ் தைக்க, பாவாடை வாங்க என் கடைக்கு வருகிற பெண்கள் கூட்டத்துக்கு நடுவே, அம்மாவுக்குச் சேலை வாங்க வந்து நின்று பழக்கமானவன். அவனை மந்திரக் கோல்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கடலோரத்தில் அவர்களுக்குக் கோபுரம் கட்ட.

அவர்கள் தங்களை ஒளியோர் என்று சொல்லிக்கொண்டார்கள். கையில் கோல் இல்லாவிட்டால் தன் செருப்பைத் தேடி எடுக்கத் தெரியாது. அவன்கள்தான் இந்த ஊரை ஆண்டார்கள். பிடித்த ஆட்களின் தூக்கத்தை மந்திரத்தால் கட்டினார்கள். தூக்கம் இல்லாதவன் ராவும் பகலும் வேலை செய்வான். கோலைத் தட்டினால் எழுவான். சொன்ன பக்கம் நடப்பான். உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் அசலூரில் உடும்பு பிடித்தானாம் என்பார்கள். இவன்கள் தூங்குகிறவனின் தூக்கத்தைப் பிடித்தார்கள். அதுதான் இவன்கள் வீரம்.

அந்த மந்திரக் கட்டை அறுக்க வழி ஒன்றே ஒன்று. ஆறு மணி நேரம் விடாமல் தூங்க வேண்டும். அவ்வளவுதான். கோபுரத்திலிருந்து தப்பி வந்தவர்கள், செல்வராசையும் சேர்த்து, பதினெட்டுப் பேர். அவர்களைத் தூங்க வைக்க ஓர் இடம் வேண்டும்.

இடம் கொடுத்தது எங்கள் அடுக்குமாடி புளோக். பதினோரு மாடி. கீழ்த்தளத்தின் முன்பக்கத்தை இடிந்த கூரை அடைத்துக் கிடந்தது. பின்பக்கம் மட்டும் வழி. அதற்கு மேலேதான் எல்லார் வீட்டுச் சமையலறை ஜன்னலும். துணி காயப்போடும் மூங்கில் கழிகளும்.

யோசனை சொன்னவர் ஆறாம் மாடி மலாய்க்கார அம்மா, எங்கள் எல்லாருக்கும் மக்சிக் ரொஹானா. தேக்கா சந்தையில் முப்பது வருஷம் மீன் விற்றவர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"பொம்பளை பாவாடைக்குக் கீழ போனா அவன் மந்திரம் செத்துரும் லா. நெருப்பு போட்டாலும் துணியில பட்டு அணைஞ்சுரும். கோல் பெருசு, தைரியம் சின்னது."

மாடிக்கு மாடி கழி நீட்டினோம். பாவாடை, சாரோங், சேலை. செல்வராசும் இன்னும் இரண்டு பேரும் மாடி ஏறிக் கட்டிக்கொடுத்தார்கள். மற்ற பதினைந்து பேர் பதினோரு மணிக்கே படுத்துவிட்டார்கள். இவர்கள் மூவரும் படுக்கும்போது பதினொன்று இருபத்தைந்து.

"பாவாடைக்குப் பின்னால ஒளிஞ்சுதான் பொழச்சேன்னு ஊர்ல தெரிஞ்சா, எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கக்கா."

"மொதல்ல தூங்குடா. பொண்ணு நான் பாக்கறேன்."

சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் தூங்கிவிட்டான்.

பன்னிரண்டு மணிக்குக் கோல்காரர்கள் வந்தார்கள். ஏழு பேர். பொன் கரை வைத்த அங்கி. நெருப்பு விட்டார்கள். சிவப்புப் பாவாடையில் பட்டு, நனைந்த தீக்குச்சி மாதிரிப் புஸ்ஸென்று போனது. அண்ணாந்து பார்த்தார்கள். பின்வாங்கினார்கள். ஊரை எரித்த சூரர்கள், கொடியில் தொங்கும் உள்பாவாடையைப் பார்த்து வெயிலில் ஐந்து மணி நேரம் நின்றார்கள். மாடிகளில் சிரிப்பு. ஒருத்தி கேட்டாள், "அளவு எடுக்கவா சார்?"

ஐந்தாகிறது. இரண்டாம் மாடி ஜன்னலில் நிற்கிறேன். கீழே பதினைந்து பேருக்கும் ஆறு மணி நேரம் முடிந்துவிட்டது. மூவருக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

ஐந்து ஐந்து. ஒரு சொட்டு. கையில் விழுந்தது.

"மழை வருது. துணி எடுங்க."

அந்தக் குரல் என்னுடையது. எழுதத்தான் வேண்டும். என்னுடையது.

பதினோரு மாடியிலும் கை நீண்டது. கழிகள் சரசரவென்று உள்ளே போயின. யாரும் யோசிக்கவில்லை. மழை என்றால் துணி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நனைந்தால் என்ன? நனைந்த பாவாடைக்கும் அவன் பயப்படத்தான் போகிறான். அது அப்புறம் தோன்றியது. அதற்குள் ஒன்றரை நிமிடம்.

முதலில் புரிந்தவர் மக்சிக். "கழியை வெளிய போடு. வெளிய போடு." தன் கழியைத் திரும்ப நீட்டியவரும் அவர்தான். துணி பாதி வெளியே வந்திருந்தது. பட். பட். உஸ்ஸ். ஆறாம் மாடியில் அந்த ஜன்னல் இல்லை.

கோல்காரன் உள்ளே வரவில்லை. வழி திறந்து கிடந்தும் வரவில்லை. மறுபடி பாவாடை வந்துவிட்டால் என்ற பயம். வாசலில் நின்று கோலைத் தரையில் மூன்று முறை தட்டினான். டொக். டொக். டொக்.

பதினைந்து பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மூன்று பேர் கண் திறந்து எழுந்து நடந்தார்கள். நான் இறங்கி ஓடினேன். செல்வராசின் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. என்னைப் பார்த்தான். யாரோ என்பது போல. கையை உருவிக்கொண்டு மழைக்குள் போனான்.

மழையை அவன்கள் வரவழைத்ததாகச் சிலர் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. அவ்வளவு மூளை அவன்களுக்குக் கிடையாது. வானம் பெய்தது. நாங்கள் துணி எடுத்தோம்.

அடுத்த வாரமே ஊரின் மற்றப் பேட்டைகளில், பாசிர் ரிஸ்ஸிலும் புக்கிட் மேராவிலும் கழிகள் நீண்டன. புக்கிட் பாஞ்சாங்கில் மழையிலும் எடுக்கவில்லை. எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். வேலைக்கு ஆளில்லாமல் கோபுரம் பாதியில் நின்றது. பிறகு சாய்ந்தது. கோல்காரர்கள் தாங்களே கோலை ஒடித்துப் போட்டுவிட்டு, வேட்டி சட்டையில் கூட்டத்தோடு கலந்தார்கள். இப்போது கேட்டால் எவனும் கோல் பிடித்ததில்லை. இடிபாட்டில் அந்த மூவரையும் பதினாறு நாள் தேடினோம்.

போனவை இவை. என் கடை ஒன்று. ஆறாம் மாடியில் ஒரு வீடு. மக்சிக் ரொஹானா, அடக்கம் செய்யக் கிடைத்தது ஒரு வளையல். திரும்பாதவர் மூன்று பேர். ஒருவர் மன்னார்குடி, பெயர் தெரியாது. ஒருவர் டாக்காவிலிருந்து வந்தவர், பெயர் தெரியாது. மூன்றாவது செல்வராசு, வயது முப்பத்தொன்று. தூங்கியது ஐந்து மணி நாற்பது நிமிடம்.