மேல் அடுக்கு, கடைசி வரிசை

இரண்டு அடுக்கு விமானத்தில் போவதென்றால் மேல் அடுக்கில்தான் உட்கார வேண்டும், அண்ணி. கீழே ஏறுகிறவர்கள் எல்லாரும் பையால் நம் தோளை இடித்துக்கொண்டுதான் போவார்கள். மேலே அந்தத் தொல்லை இல்லை, இரைச்சலும் குறைவு. பிசினஸ் வகுப்பிலேயே மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று சில விமானங்களில் பிரித்து வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. பணத்தைக் கொட்டிக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு போவார்கள்.

பாரிஸில் இருக்கிற மகளிடம் போய்க் கொஞ்ச நாள் இருக்கப் போவதாக நேற்று போனில் சொன்னீர்கள். "எனக்கு இந்த சீட்டெல்லாம் பாக்கத் தெரியாது தம்பி. அவருக்கு நீதானே எப்பவும் பாப்ப, எனக்கும் நீயே பாத்துக் குடு" என்றீர்கள். அதற்குத்தான் வந்தேன். பார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நாரத்தைத் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, "அவர் கடைசியா என்ன பேசினாரு, இன்னொரு தடவ சொல்லு தம்பி" என்று கேட்டுவிட்டீர்கள். சாவு வீட்டில் ஒருமுறை கேட்டீர்கள், அப்போது ஒரு பதில் சொன்னேன். இன்றைக்கு அந்தப் பதிலைத் திரும்பச் சொல்ல வாய் வரவில்லை. தேநீர் ஆறட்டும். நான் முடித்த பிறகும் அதைக் குடிக்கச் சொல்வீர்களா என்று பார்ப்போம்.

அண்ணனுக்கு நான் இருக்கை பார்க்க ஆரம்பித்தபோது எங்கள் கம்பெனி பெரிய கப்பல் எதுவும் கட்டியிருக்கவில்லை. அவர் துறைத் தலைவர், நான் அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவன். சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்த இடம் பெரியவருக்கு, வாசலுக்கு முதுகைக் காட்டிய இடம் சின்னவனுக்கு. காரில் ஓட்டுநருக்குக் குறுக்கே பின்னால் பெரியவர், முன்னால் சின்னவன். இது தெரியாதவன் நம் சோல் நகரில் கம்பெனி வேலைக்கு லாயக்கில்லை. விமானத்துக்கு மட்டும் எங்களுக்கென்று தனிக் கணக்கு இருந்தது, அது உங்களுக்கும் தெரியும். மேல் அடுக்கு, முதல் வரிசை, நடுவில் சேர்ந்தாற்போல் இருக்கிற ஜோடி இருக்கை. உணவு வண்டி அங்கேதான் முதலில் வரும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது உங்களுக்கும் எனக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் தெரியும். இயக்குநர் குழுவில் தெரிந்தால் நோயாளியைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். விமானம் மேலே ஏறி, இருக்கை வாரைக் கட்டச் சொல்லும் விளக்கு அணைந்ததும் அவர் கழிவறைக்குப் போய் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வருவார். வந்து உட்காரவும் சாப்பாடு வரவும் சரியாக இருக்கும். தாமதமானால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது நான் ஒரு மிட்டாயை அவர் வாயில் போடுவேன். அதற்குத்தான் பக்கத்து இருக்கை.

அந்தப் பூசணி மிட்டாய்ப் பொட்டலத்தை நீங்கள் எப்போதும் என்னிடம்தான் கொடுப்பீர்கள். "அவர்ட்ட குடுத்தா விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே தின்னு தீத்துருவாரு. நீ வச்சிக்க. உன் பையில இருந்தா எனக்கு நிம்மதி." அந்தக் கடைசி பாரிஸ் பயணத்தின்போதும் அப்படித்தான் சொன்னீர்கள். நான் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

ஓய்வறையில் விமானத்துக்குக் காத்திருந்தோம். அண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பாரிஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்ததும் அவர்தான் தலைவர் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அவருடைய இப்போதைய இடம் எனக்கு வரும் என்பதும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். என் மனைவி தன் அக்கா தங்கைகளிடம் சொல்லிக்கூட விட்டிருந்தாள்.

"தோ" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "என் எடத்துக்கு நம்ம குவாக்கப் போடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"நல்லது சார்" என்றேன்.

"இதென்ன புதுசா சாரு? ஆள் இல்லாத எடத்துல அண்ணேன்னுதானே கூப்புடுவ?" அவர் சிரித்துக்கொண்டே என் தொடையில் தட்டினார். "கோவமாடா? அட, முன்னாடி உக்கார ஆயிரம் பேர் கெடைப்பான். பக்கத்துல உக்கார உன்ன மாதிரி எவன் கெடைப்பான், சொல்லு. நீ எங்கூடயே இரு. ஆலோசகர்னு ஒரு பேரு போட்டுக்கலாம்."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றத் தெரிந்தவர் இல்லை அவர். பிரியத்தில்தான் சொன்னார். ஆனால் குவாக் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். பின்னால் சேர்ந்தவன் தலைக்கு மேலே போனால் முன்னால் சேர்ந்தவன் மேஜையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை, மீறினவனும் இல்லை. ஆலோசகர் என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறையும், யாரும் அடிக்காத ஒரு போனும். அது அண்ணனுக்கு உறைக்கவே இல்லை. நான் பக்கத்தில் இருந்தால் அவருக்குப் போதும், நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் யோசித்ததில்லை.

நான் கோபப்படவில்லை. நம்புங்கள் என்று கேட்கவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். எழுந்து போய், விமான வாசலில் இருந்த பெண்ணிடம் இருக்கைகளை மாற்றித் தரச் சொன்னேன். ஐயாவுக்கு மேல் அடுக்கில் கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். எனக்குக் கீழே.

"சேந்து நல்ல எடமா மொத வரிசையிலயே இருக்கே சார்?" என்றாள் அவள்.

"பெரியவர் தூங்கணும்மா. நான் பக்கத்துல இருந்தா ஏதாச்சும் வேல பேசிட்டே இருப்பாரு."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போது யோசித்தாலும் அது நியாயமாகத்தான் இருக்கிறது. கடைசி வரிசை ஜன்னல் மோசமான இடம் இல்லை, அண்ணி. பின்னால் சுவர், யாரும் இருக்கையை உதைக்க மாட்டார்கள். பக்கவாட்டில் தடுப்பு, போகிற வருகிறவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. உணவு வண்டி மட்டும் கடைசியாக வரும்.

சேர்ந்த இடம் கிடைக்கவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். நான் பார்த்துக் கொடுத்த இருக்கையை அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. மாடிப்படியில் ஏறப் போனவர் திரும்பிப் பார்த்து, "சாப்பாடு வந்ததும் மேல வா, ஒரு வாய் பேசலாம்" என்றார். சரி அண்ணே என்றேன். அவருக்குப் பின்னால் மேலே ஏறப் போன ஒரு பணிப்பெண்ணிடம், ஐயா தூங்கிவிட்டால் சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம் என்று சொன்னேன். இதுவும் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். எழுப்பிவிட்டுத் திட்டு வாங்க எந்தப் பணிப்பெண்ணுக்கும் ஆசை இருக்காது.

வார் விளக்கு அணைந்தபோது நான் கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்திருப்பார், இப்போது கழிவறைக்குப் போவார், இப்போது வந்து ஒரு விஸ்கி கேட்பார் என்று என் மனம் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. பழக்கம். வெறும் வயிற்றில் விஸ்கி அவருக்கு ஆகாது. பக்கத்தில் இருந்திருந்தால் கண்ணாடிக் குவளையை வாங்கி நான் குடித்திருப்பேன், அவர் என்னைக் குடிகாரன் என்று கிண்டல் செய்திருப்பார். எனக்குச் சாப்பாடு வந்தது. மாட்டிறைச்சி நன்றாக வெந்திருந்தது. சாப்பிட்டேன்.

நான் மேலே போகவில்லை. போவதற்கு எந்தத் தடையும் இல்லை. மாடிப்படி என் இருக்கையிலிருந்து நாலு எட்டுதான்.

தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு மேலிருந்து ஒரு பணிப்பெண் இறங்கி வந்து என் பக்கத்தில் குனிந்தாள். சின்னப் பெண், புதிதாக வேலைக்கு வந்தவள் போலிருந்தாள்.

"சார், தோங்கிறது நீங்களா? மேல ஒரு பெரியவர் உங்களக் கூப்புடச் சொல்றாரு. சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கு. பேச்சு ஒண்ணும் புரியல. மிட்டாய் வேணும் மிட்டாய் வேணும்கிறாரு சார், சின்னப் புள்ள மாதிரி."

நான் சிரித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை.

"குடிச்சா அப்படித்தான்மா அவரு. எத்தன குடிச்சாரு?"

"ஒண்ணுதான் சார் குடுத்தேன்."

"ஏற்கெனவே ஓய்வறையிலயே குடிச்சிட்டு வந்திருக்காரு. நான் இப்ப மேல வந்து அவர இந்தக் கோலத்துல பாத்தா நாளைக்கு அவருக்குத்தான் கஷ்டம். பாக்காத மாதிரி விட்டுர்றது நல்லது."

அவள் உடனே புரிந்துகொண்டாள். நம் ஊர்ப் பெண் இல்லையா. மேலதிகாரி போதையில் உளறினதைச் சின்னவன் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் மறுநாள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவளுடைய அப்பாவும் அந்த மரியாதையில்தான் உத்தியோகம் பார்த்திருப்பார். வேற்று நாட்டு விமானமாக இருந்திருந்தால் அந்தப் பணிப்பெண் பதறிப் போய் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று அறிவித்திருப்பாள். இவள் தலையை ஆட்டினாள். போகும்போது மட்டும் கேட்டாள்.

"எங்ககிட்ட சாக்லெட் இருக்கு சார். ஒண்ணு குடுக்கட்டுமா? பாவமா இருக்கு."

"வேணாம்மா. வாந்தி எடுத்துருவாரு. போர்வையப் போத்திவிட்டு, தடுப்ப இழுத்து விட்டுரு. தூங்கிருவாரு."

அவள் போர்த்திவிட்டாள். தூங்கிவிட்டார்.

பாரிஸில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் மேலே போனேன். எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசை ஜோடி இருக்கை சோல் நகரிலிருந்து அதுவரைக்கும் காலியாகவே வந்திருந்தது. போர்வை மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. கடைசி வரிசையில் அந்தச் சின்னப் பெண் அண்ணனின் தோளைத் தொட்டு, ஐயா, ஐயா என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு அண்ணே என்று கத்தினேன். அந்தக் கத்தல் பொய் இல்லை. ஆனால் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது தெரிந்தது. விசாரித்தவர்களிடம் அவள் தன் தவறு என்று சொன்னாளாம். வேலையை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளுக்காகவும் நான் வாய் திறக்கவில்லை.

சாவு வீட்டில் வருகிறவர்களுக்குத் தலை குனிந்து நான்தான் நின்றேன். வெள்ளைப் பூ வைத்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீங்களும் பிடித்தீர்கள். "நீ பக்கத்துல இருந்தியே, அது போதும் தம்பி" என்றீர்கள். ஆமாம் அண்ணி, சிரித்துப் பேசிக்கொண்டே தூங்கிப்போனார் என்றேன். மருத்துவர் சர்க்கரை இறங்கினதுதான் என்றபோது, நானும் தூங்கிவிட்டேன், பக்கத்தில் இருந்தும் எனக்கே தெரியவில்லை என்று அழுதேன். நீங்கள் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அதைவிடப் பெரிய செருப்படி எனக்குக் கிடைத்ததில்லை. குவாக்கின் பெயர் இயக்குநர் குழு வரைக்கும் போகவில்லை. அண்ணனின் அறை இப்போது எனக்கு. நாற்காலி வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. அதில் உட்காரும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. ஆனாலும் தினமும் போய் உட்காருகிறேன், அதுதான் வெட்கக்கேடு.

நான் அவர் கழுத்தை நெரிக்கவில்லை, ஓர் இருக்கையைத்தான் மாற்றினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மிட்டாய் என்று சொன்னபோதுகூட, என் பையில் இருந்தது நினைவுக்கு வரவில்லை, கோபத்தில் மூளை மரத்துப்போயிருந்தது என்று சொல்லிக்கொண்டேன். பாதி நம்பியும்விட்டேன். மறதிக்கு ஒருவனைத் தூக்கில் போட முடியாது.

உங்களுக்கு மேல் அடுக்கில், முதல் வரிசையில், நடைபாதை ஓரமாக இடம் பார்த்திருக்கிறேன். நல்ல இடம். ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது, அதையும் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு விமானம் இறங்கத் தொடங்கியதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எதையாவது சப்பினால் சரியாகிவிடும் என்று என் கை கோட்டின் உள்பைக்குள் போனது. தேடவே இல்லை, அண்ணி. பொட்டலத்தைப் பிரித்து உங்கள் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன், தரையைத் தொடும்வரைக்கும் இனித்துக்கொண்டே இருந்தது.